இலவச வக்கீல் பிச்சையல்ல! பதில் பேசாத வக்கீல் நம் தலைவிதியும் அல்ல!



போராட்டத்தில் கைதாகும்போது நமக்கு மாலை விழுகிறது. கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்து, மத்தியானம் ஒரு பொட்டலம் லெமன் சாதம் கொடுத்து, பொழுது சாய விட்டுவிடுகிறார்கள். கோஷம் போட்டுக்கொண்டே வீடு வந்து சேருகிறோம். அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறோம். முடிவதில்லை. ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழித்து, நாற்றங்காலில் நிற்கும்போது சம்மன் வருகிறது. அன்றைக்கு மாலையும் இல்லை, மைக்கும் இல்லை. சம்மனை மடியில் செருகிக்கொண்டு தனியாகத்தான் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கிறது.

அந்தப் படியில் நம்மோடு நிற்க வேண்டியவர் வக்கீல். காசுள்ளவன் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்கிறான். காசில்லாதவனுக்கு இலவசமாக ஒரு வக்கீலை நியமிக்கிறார்கள். அப்படி நியமித்த வக்கீல் போனை எடுக்கவில்லை, வாய்தாவுக்கு வரவில்லை, கேஸ் கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை என்றால் நாம் என்ன செய்வது? யாரிடம் போய்ச் சொல்வது?

உரத்துக்கும் தண்ணீருக்கும் கொள்முதல் விலைக்கும் பேசுகிற சங்கம் இதை ஏன் பேசுகிறது என்று கேட்பீர்கள். உரத்துக்கும் தண்ணீருக்கும் பேசியதால்தான் நம் ஆட்கள் கோர்ட்டில் நிற்கிறார்கள். அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

நம் ஊரில் நடந்தது என்ன?

2022-ல் அறுவடை நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை, லாரி இல்லை என்று பத்து நாளாக நெல்லை எடுக்கவில்லை. களத்தில் கொட்டிக் கிடந்த நெல் மழையில் நனைந்து முளைவிட்டது. முளைத்த நெல்லை அள்ளிக்கொண்டு போய் ரோட்டில் கொட்டி மறியல் செய்தோம். வேறு என்ன செய்வது? அன்றைக்கு 14 பேர் பெயரைப் போட்டு, ‘மற்றும் பலர்’ என்று சேர்த்து எப்.ஐ.ஆர். பதிவு செய்தார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, வழியை மறித்தது, அதிகாரி உத்தரவை மீறியது, அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தது, மிரட்டியது என்று இந்திய தண்டனைச் சட்டம் 143, 341, 188, 353, 506 என்று அடுக்கடுக்காகப் பிரிவுகள்.

14 பேரில் ஒன்பது பேர் சொந்தக்காரர், சம்பந்தி மூலமாக எப்படியோ வக்கீல் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மிச்சம் ஐந்து பேர் குத்தகை விவசாயிகள், கூலிக்கும் போகிறவர்கள். அவர்கள் சட்டப் பணிகள் குழுவில் மனுப் போட்டார்கள். வக்கீலும் நியமிக்கப்பட்டார். பெயரும் போன் நம்பரும் எழுதிய தாள் ஒன்று கையில் கிடைத்தது. அத்தோடு சரி.

ஏழு வாய்தா ஓடியது. வக்கீலை அந்த ஐந்து பேரும் பார்த்தது ஒரே தடவை, கோர்ட் வராண்டாவில், இரண்டு நிமிஷம். “நான் பாத்துக்கிறேன், போங்க” என்றார். போன் போட்டால் எடுப்பதில்லை. குமாஸ்தா எடுத்தால் “சார் கோர்ட்டுல இருக்காரு” என்பார். எட்டாவது வாய்தா நடவு நாளில் வந்தது. ஐந்து பேரில் ஒரு தோழர் முதல்நாளே குமாஸ்தாவிடம், “ஆள் கூப்பிட்டாச்சுங்க, நாளைக்கு வர முடியாது, மனுப் போட்டுடச் சொல்லுங்க” என்று சொன்னார். “சரி, சொல்லிடறேன்” என்று பதில் வந்தது. மனுப் போடவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. பிடிவாரண்ட் போட்டாகிவிட்டது. போட்டது கூட அவருக்குத் தெரியாது.

பதினைந்து நாள் கழித்து விடியற்காலை மடையில் நின்றவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜாமீன்தார் இரண்டு பேர், அவர்களுக்கு வி.ஏ.ஓ. சான்று என்று அலைந்து அவரை வெளியே கொண்டுவர நாலு நாள் ஆனது. மீதி நிலத்துக்கு விட்டிருந்த நாற்று முற்றிப் போனது. “குத்தவாளி வூட்டுக்கு இனி குத்தகை கிடையாது” என்று நிலக்காரர் சொல்லி அனுப்பினார். அவர் சம்சாரம் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: “மறியலுக்குக் கூப்புட வூடு தேடி வந்தீங்களே, அண்ணே. வாய்தாவுக்கு ஏன் ஒருத்தரும் வரல?”

நமக்குப் பதில் இல்லை.

முதலில் நம் முதுகைப் பார்ப்போம்

அன்றைக்குச் சாயங்காலமே வக்கீலைத் தேடிப் போனோம். சண்டை போடத்தான் போனோம். அவர் ஒரு கேள்வி கேட்டார்: “நான் லெட்டர் போட்டேனே, ஏன் யாரும் வரலை?” பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். அலுவலகம் வந்து மேசை டிராயரைக் கொட்டினால், அந்தக் கடிதம் பிரிக்காமல் கிடக்கிறது! ஐந்து பேரும் மனுவில் சங்க அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தார்கள். ‘குற்றப்பத்திரிகை நகலோடும், அன்றைக்கு எடுத்த போட்டோ ஏதும் இருந்தால் அதோடும் வந்து பாருங்கள்’ என்று வக்கீல் எழுதியிருக்கிறார். மாநாட்டு வேலையில் நாம் அதைப் பார்க்கவே இல்லை.

இதை மறைக்காமல் எழுதுகிறோம். அடுத்தவர் குற்றத்தை மட்டும் எழுதினால் இந்தப் பிரசுரத்துக்கு மரியாதை இல்லை. ஆனால் ஒரு கடிதம் போட்டதோடு வக்கீலின் கடமை தீர்ந்துவிடாது. ஏழு வாய்தாவில் ஒரு தடவையாவது உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். மனுப் போடாததற்கும், வாரண்ட் வந்ததைச் சொல்லாததற்கும் அவரிடம் பதில் இல்லை. அவர் தவறு அவருக்கு, நம் தவறு நமக்கு. இரண்டையும் சுமந்தவர் நாலு நாள் உள்ளே இருந்த தோழர்.

இது தர்மக் காசு இல்லை

“ஓசி வக்கீல்தானே, அவர் அப்படித்தான் இருப்பார்” என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். இந்த எண்ணத்தை முதலில் களையெடுக்க வேண்டும். ரேஷன் அரிசியில் கல் கிடந்தால் சும்மா விடுகிறோமா? கேட்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி 39-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பணமில்லை என்பதால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. 1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த ஏழைகளின் வழக்கில், இலவச சட்ட உதவி என்பது 21-வது பிரிவு சொல்லும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் வந்து, 1995 நவம்பர் 9-ல் அமலானது. வட்டத்துக்கு ஒரு குழு, மாவட்டத்துக்கு ஒரு ஆணைக்குழு, மாநிலத்துக்கு ஒன்று என்று இன்றைக்கு இருப்பதெல்லாம் இந்தச் சட்டப்படிதான்.

யாருக்குக் கிடைக்கும்? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில் வருமானக் கணக்கே கிடையாது. வெள்ளம், வறட்சியால் பாதிக்கப்பட்டவர்களையும் அதே பிரிவு சேர்த்திருக்கிறது. நம் டெல்டாவில் வெள்ளமும் வறட்சியும் பார்க்காத விவசாயி யார்? மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்பு உண்டு. வட்டக் குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு வழக்கைக் கேளுங்கள். அருணாசலப் பிரதேசத்தில் ஒருவர் மேல், இன்ஜினியரை மிரட்டினார் என்று வழக்கு. நம் ஆட்கள் மேல் போடுகிறார்களே, அதே 506-வது பிரிவுதான். அவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. இலவச வக்கீல் கேட்கலாம் என்று கோர்ட்டும் சொல்லவில்லை. தண்டனை கொடுத்துவிட்டார்கள். 1986-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர் கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது, உரிமை உண்டு என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது.

‘வக்கீலைக் கொடுத்தாகிவிட்டது, கடமை முடிந்தது’ என்றும் கை கழுவ முடியாது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொலை வழக்கு. இலவச வக்கீலை நியமித்த அன்றைக்கே குற்றச்சாட்டைப் பதிவு செய்து, இரண்டு வாரத்துக்குள் விசாரணையை முடித்துத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். வக்கீல் எப்போது கட்டைப் படித்திருப்பார்? எப்போது கட்சிக்காரரிடம் பேசியிருப்பார்? 2019 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் குறைந்தது பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீலை நியமிக்க வேண்டும், தயாராகப் பொதுவாக ஏழு நாளாவது கொடுக்க வேண்டும், கட்சிக்காரரைச் சந்தித்துப் பேச வசதி செய்ய வேண்டும் என்று சொன்னது. பெயருக்கு ஒரு வக்கீல் போதாது, உருப்படியான உதவி வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த மனிதர் கடைசியில் 2024-ல் விடுதலையானார். இடையில் பதினோரு வருஷம் போய்விட்டது.

நம் மறியல் வழக்குகள் அவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் அரை ஏக்கர் குத்தகைக்காரனுக்கு நாலு நாள் சிறையும் முற்றிய நாற்றும் சின்ன விஷயமா?

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று. வக்கீல் பேசவில்லை என்பதாலேயே வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கோர்ட்டில் பாதி நாள் நம் வழக்கைக் கூப்பிடுவதே இல்லை. சாட்சி வரவில்லை என்றால் தள்ளிப் போகும். அது வக்கீல் குற்றமல்ல. மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: குற்றப்பத்திரிகை நகலை வாங்கினாரா? அடுத்த வாய்தா எதற்கு என்று சொல்கிறாரா? நம் தரப்பு என்ன என்று நம்மிடம் கேட்டாரா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், கோளாறு இருக்கிறது.

இரண்டு. வழக்கு எண், கோர்ட் பெயர், பதினாறு எழுத்துகொண்ட சி.என்.ஆர். எண் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ‘இ-கோர்ட்ஸ்’ ஆப்பில் அடுத்த வாய்தா தேதி தெரிந்துவிடும். படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். வக்கீல் போனை எடுக்கவில்லை என்பதற்காக நாம் வாய்தா தெரியாமல் இருக்க வேண்டியதில்லை.

மூன்று. வாய்தாவை ஒருபோதும் விடாதீர்கள். வர முடியாத நாளுக்கு வக்கீல்தான் மனுப் போட வேண்டும். பழைய சட்டத்தில் அது 317, 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 355. ‘மனுப் போட்டாகிவிட்டது’ என்று வக்கீல் வாயால் கேட்கும்வரை போட்டதாக நம்பாதீர்கள். சந்தேகம் என்றால் நடவை ஒருநாள் தள்ளுங்கள். வாரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்தால் ஓடி ஒளியக் கூடாது. வக்கீலோடு தானாகப் போய் நின்று ரத்து செய்யக் கேட்பதுதான் நல்லது.

நாலு. வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள். தேதி, வழக்கு எண், எத்தனை தடவை போன் செய்தோம், என்ன கேட்டோம் என்று பத்து வரி போதும். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று மரியாதையாகத் தொடங்குங்கள். திட்டாதீர்கள். ஒரு நகலை வைத்துக்கொண்டு தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாதிப் பிரச்சினை இந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடும்.

ஐந்து. ஒரு வாரம், பத்து நாளில் பதில் இல்லையா? அந்தக் கடித நகலை இணைத்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு மனுக் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி. சரியாக வேலை செய்யாத பட்டியல் வக்கீலிடமிருந்து வழக்கைத் திரும்பப் பெற்று வேறொருவரிடம் கொடுக்கவும், அவரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் 2010-ல் தேசிய ஆணைக்குழு போட்ட விதிமுறையில் இடம் இருக்கிறது. வழக்கு எப்படி நடக்கிறது என்று கவனிக்கக் கண்காணிப்புக் குழுவும் அதே விதிமுறையில் உண்டு. நாம் மனுப் போட்டால்தான் அந்தக் குழுவுக்கு வேலை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போனில் சொல்ல வேண்டும் என்றால் 15100 என்ற இலவச எண் இருக்கிறது.

ஆறு. சில மாவட்டங்களில் உங்கள் வழக்கைப் பார்ப்பவர் பட்டியல் வக்கீலாக இல்லாமல், 2022-ல் திருத்திக் கொண்டுவந்த திட்டத்தின்படி முழுநேரமாக நியமிக்கப்பட்ட சட்ட உதவி வக்கீலாக இருக்கலாம். அவர்கள் தனியாக வேறு வழக்கு எடுக்கக் கூடாது. அவர்களுக்கு மேல் தலைமை வக்கீல் ஒருவர் இருக்கிறார். முதலில் அவரைப் பாருங்கள்.

ஏழு. நீதிபதியிடமே சொல்லலாம். பெயரைக் கூப்பிட்டதும் கை கூப்பி, “ஐயா, எனக்கு நியமிச்ச வக்கீலை மூணு மாசமா பார்க்க முடியல. மனுக் கொடுத்திருக்கேன். வேற வக்கீல் வேணும்” என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அன்றைக்கு என்ன நடந்தது, யார் கல் எடுத்தார் என்றெல்லாம் அங்கே பேசிவிடாதீர்கள். எதிரில் அரசு வக்கீல் உட்கார்ந்திருக்கிறார். வழக்குச் சங்கதியை உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள். நீங்கள் அவரிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம்.

எட்டு. இலவச வக்கீல் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. சாட்சிச் செலவு, குமாஸ்தா செலவு, டீச் செலவு என்று எந்தப் பெயரிலும் கேட்கக் கூடாது. கேட்டால் அதையும் மனுவில் எழுதுங்கள். கோர்ட் வாசலில் ‘நான் முடிச்சுத் தர்றேன்’ என்று வருகிற புரோக்கரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஒன்பது. நம் ஆள் சிறையில் இருந்தால், சிறையிலுள்ள சட்ட உதவி மையம் மூலமாகவோ சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவோ ஆணைக்குழுவுக்கு மனு அனுப்பலாம். வீட்டார் மட்டும் அலைய வேண்டியதில்லை.

பத்து. தண்டனை ஆகிவிட்டால் உட்கார்ந்து அழாதீர்கள். மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள், ஹைகோர்ட்டுக்குப் போவதானால் 60 நாள். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும். அப்பீலுக்கும் இலவச வக்கீல் உண்டு. பதில் பேசாத வக்கீலையே நம்பிக்கொண்டு அந்த 30 நாளை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாட்சி விசாரணைக்கு முதல்நாள் போய் ‘வக்கீலை மாற்று’ என்றால், வழக்கை இழுக்கிறான் என்று நீதிபதி நினைப்பார். கோளாறு தெரிந்தவுடனே கேட்க வேண்டும். புது வக்கீல் வரும்வரை பழையவரை முறைத்துக்கொள்ளவும் கூடாது.

இரண்டு பேச்சுக்குப் பதில்

“எதற்கு இந்தக் கஷ்டம்? நகையை வைத்தாவது நல்ல வக்கீல் வைத்துக்கொள்ளலாமே” என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முடிந்தவர் வைத்துக்கொள்ளட்டும், தடையில்லை. ஆனால் காசு கொடுத்த வக்கீலும் போன் எடுக்காத கதை நம் ஊரில் எத்தனை! அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் இன்றைக்கும் அப்படித்தான் அலைகிறார்கள். இலவச வக்கீலைக் கேள்வி கேட்க மேலே ஓர் ஆணைக்குழுவாவது இருக்கிறது. சாகுபடிக் கடனோடு கோர்ட் கடனும் சேர்ந்தால் சின்ன விவசாயி எழுந்திருக்க மாட்டான். மறியல் செய்தவனைக் கடன்காரனாக்கிவிட்டால், அடுத்த மறியலுக்கு ஊரில் ஆள் இருக்காது. வழக்குப் போடுகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

“குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடு, ஒரே நாளில் முடிஞ்சிடும்” என்று இன்னொரு சாரார். வேலை செய்ய மனமில்லாத சில வக்கீல்களும் இதையே சொல்கிறார்கள். ஃபைன் கட்டினால் வழக்கு முடியும், குற்றவாளி என்ற பெயர் முடியாது. அது ரெக்கார்டில் நிற்கும். அடுத்த போராட்டத்தில் ‘இவன் ஏற்கெனவே தண்டனை பெற்றவன்’ என்பார்கள். முளைத்த நெல்லைக் காட்டி நியாயம் கேட்டது குற்றமா? அதை நம் வாயாலேயே குற்றம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா?

கட்டைப் பிரித்துப் பார்க்கிற வக்கீல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறோம். நம் மனுவுக்குப் பிறகு அந்த ஐந்து பேருக்கும் வேறு வக்கீல் நியமிக்கப்பட்டார். இளம் பெண் வக்கீல். முதல் நாளே இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார். 188-வது பிரிவுக்குச் சம்பந்தப்பட்ட அதிகாரிதான் கோர்ட்டில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் தானாக எப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-லேயே சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். முதல் வக்கீலிடம் கட்டு இருந்த காலத்தில் இந்த ஒரு வரியைக்கூட யாரும் கோர்ட்டில் சொல்லவில்லை. 143, 341, 188 போன்ற சின்னப் பிரிவுகள் மட்டுமே உள்ள வழக்குகளில், பொதுவாக ஒரு வருஷத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும் என்ற காலவரம்பு இருப்பதும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. உங்கள் வழக்கிலும் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த ஐந்து பேர் வழக்கு இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று பெருமையடிக்க மாட்டோம். ஆனால் வாரண்ட் ரத்தாகிவிட்டது. அடுத்த வாய்தா எப்போது, எதற்கு என்று ஐந்து பேருக்கும் தெரிகிறது. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்காருவது நின்றிருக்கிறது.

நாம் கேட்பது என்ன?

இலவச சட்ட உதவியில் மனசாட்சியோடு உழைக்கும் வக்கீல்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள்மேல் நமக்குக் கோபம் கிடையாது. பட்டியல் வக்கீலுக்குக் கிடைக்கிற பணமும் சொற்பம். ஆகவே நம் கோரிக்கையில் அவர்களுக்கானதும் உண்டு:

* வக்கீலை நியமித்த உத்தரவிலேயே அவர் பெயர், போன் எண்ணோடு, அவர் வராவிட்டால் யாரிடம் புகார் சொல்வது என்பதையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும்.
* சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியையும் போன் எண்ணையும் போலீஸ் ஸ்டேஷன் உள்ளிட்ட பொது இடங்களில் எழுதி வைக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் பகுதியில் எல்லா ஸ்டேஷனிலும் அந்தப் பலகை வர வேண்டும்.
* குற்றச்சாட்டுப் பதிவுக்கு முன் வக்கீலும் கட்சிக்காரரும் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசியதை உறுதி செய்ய வேண்டும்.
* பட்டியல் வக்கீல்களுக்கான கட்டணத்தை உயர்த்தி, பாக்கி வைக்காமல் கொடுக்க வேண்டும்.
* எல்லாவற்றுக்கும் மேலாக, கொள்முதலுக்கும் தண்ணீருக்கும் அமைதியாகப் போராடிய விவசாயிகள் மீதான வழக்குகளை அரசு திரும்பப் பெற வேண்டும்.

சங்கம் செய்யப் போவது என்ன?

கோரிக்கை வைப்பது சுலபம். நம் கடமையையும் எழுதுகிறோம். இனி ஒவ்வொரு கிளையிலும் ஆணும் பெண்ணுமாக மூன்று பேர் கொண்ட வழக்குக் குழு இருக்கும். வாய்தா நோட்டு ஒன்று அலுவலகத்தில் தொங்கும். யாருக்கு எந்த நாள், எந்தக் கோர்ட் என்று அதில் இருக்கும். வாய்தா நாளில் வழக்குக் குழுவில் ஒருவர் கட்டாயம் கூடப் போவார். நடவு நாளில் வாய்தா வந்தால், அந்தத் தோழர் வயலில் நாம் நிற்போம். சங்க முகவரிக்கு வரும் தபாலை அன்றைக்கே பிரித்து, அன்றைக்கே உரியவரிடம் சேர்ப்போம். டிராயரில் கிடந்த அந்தக் கடிதத்தை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் கதையைச் சொல்வோம்.

தோழர்களே! போலீஸ் வழக்கு உள்ள ஒவ்வொருவரும் எப்.ஐ.ஆர்., சம்மன், குற்றப்பத்திரிகை எது கையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு வரும் கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். மனு எழுதித் தர ஆள் இருக்கிறது. அறுவடை தொடங்குவதற்குள் எல்லா மனுக்களையும் சேர்த்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒன்றாகப் போவோம். கோஷம் இல்லை, கொடி இல்லை. வரிசையில் நின்று மனுக் கொடுப்போம். ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்கிக்கொண்டுதான் திரும்புவோம்.

அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு இதுதான் நம் பதில்: மறியலுக்குக் கூப்பிட வீடு தேடி வந்த சங்கம், இனி வாய்தாவுக்கும் வீடு தேடி வரும்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!
பொய் வழக்குகளைத் திரும்பப் பெறுக!